பழைய பிக்கப்பில் கியர் வழுக்குகிறது: ஆயில் மாற்றவா, கியர் பெட்டியைப் பிரிக்கவா, வேறு பெட்டி போடவா?

காலையில் முதல் தடவை ரிவர்ஸ் போட்டால் கியர் விழ மூன்று நொடி ஆகிறது. மேட்டில் ஏறும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் இன்ஜின் மட்டும் ரேஸ் ஆகிறது, வண்டி தயங்கி நிற்கிறது. இருபது, இருபத்தைந்து வயதான ஆட்டோமேட்டிக் பிக்கப் வைத்திருப்பவர் இதை மூன்று பேரிடம் சொன்னால் மூன்று தீர்ப்பு வரும். “ஆயில் மாத்துங்க, சரியாயிடும்” என்பார் ஒருவர். “பெட்டி போச்சு, இறக்கிப் பிரிக்கணும்” என்பார் அடுத்தவர். “பிரிச்சுக்கிட்டு எதுக்கு, வேற பெட்டி தூக்கிப் போட்டுடலாம்” என்பார் மூன்றாமவர். மூவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தான் கடைசியாகப் பார்த்த வண்டியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

இந்த மூன்றையும் விலை வைத்து ஒப்பிடுவதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். என் கணக்கில் கோடு வேறு இடத்தில் விழுகிறது: பெட்டியைக் கீழே இறக்காமலே தீரக்கூடிய கோளாறா, இறக்கினால்தான் தீருமா? இதற்கு விடை தெரியாமல் எந்த வழியைத் தேர்ந்தாலும் சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான். விடை தெரிந்துவிட்டால் பாதி வழிகள் தாமாகவே விலகிவிடும். அதனால் ஒப்பீட்டுக்கு முன்னால் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஆயில், ஆனால் சரியான முறையில்

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், பெட்டி நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒரு சுற்று கொண்டுபோய்த் திரும்ப வைத்த பிறகுதான் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பார்க்கில் வைத்துப் பார்ப்பார்கள். பழைய டாட்ஜ் பிக்கப்புகளில் நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பார்க்கில் அந்தப் பெட்டிகள், இன்ஜின் விசையை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும் டார்க் கன்வர்ட்டருக்கு ஆயில் அனுப்புவதில்லை. பார்க்கில் அளந்துவிட்டு “அளவு சரி” என்று நம்பி, குறைந்த ஆயிலோடு ஓட்டியவர்கள் நிறைய.

ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். நுரைத்த ஆயிலுக்கு, பெட்டிக்குள் கியர்களைப் பிடித்து வைக்கும் கிளட்சை அழுத்திப் பிடிக்கும் பலம் இருக்காது, கியர் விழத் தாமதமாகும். ஆயில் கூடினாலும் இதே கதைதான். சுழலும் பாகங்கள் ஆயிலில் முங்கிக் கடைந்து நுரையாக்கிவிடும். இரண்டுக்கும் அறிகுறி ஒன்று. அதனால் “வழுக்குது, இன்னும் ஒரு லிட்டர் ஊத்து” என்பது சில நேரம் நோயை வளர்க்கும் வைத்தியம்.

வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பு நல்லது. பழுப்பு என்றால் வயதாகிவிட்டது, பீதி வேண்டாம். கருமை, கூடவே கருகிய வாடை என்றால் கிளட்ச் உராய்வுப் பொருள் எரிந்திருக்கிறது. இளஞ்சிவப்பாகப் பால்போலக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்துவிட்டது. இந்தக் கடைசி வகை மட்டும் அவசரம். அதன் பிறகு வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

பெட்டி மேல் விழும் வீண் பழிகள்

பழைய பெட்டிகளில் சில, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒரு கேபிள் மூலமாகவே அறிகின்றன. 1982-ல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 இதற்குப் பெயர்போனது. கேபிள் தளர்ந்தால், நீங்கள் முழுதாக மிதித்தாலும் பெட்டி “மெதுவாகத்தான் போகிறார்கள்” என்று நினைத்து ஆயில் அழுத்தத்தைக் குறைவாகவே வைத்திருக்கும். இன்ஜின் முழு பலத்தோடு தள்ளும், கிளட்ச் அரைகுறையாகப் பிடிக்கும். எரிந்துபோக அதிக நாள் பிடிக்காது.

இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். ஒரு 700ஆர்4 பிக்கப்பில் கார்புரேட்டர் மாற்றியபோது கேபிள் பழைய புள்ளியில் மாட்டப்படவில்லை. சில வாரங்களில் மூன்றாவது கியர் வழுக்க ஆரம்பித்தது. பட்டறையில் பார்த்த உடனே “முழு ரீபில்ட்”, அதாவது பிரித்துப் புதுப்பிக்க வேண்டும், என்றார்கள். ஆயில் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: ஆக்சிலரேட்டர் திறக்கத் திறக்க ஏற வேண்டிய அழுத்தம் ஏறவே இல்லை. கேபிளைச் சரியாக வைத்ததும் வழுக்கல் நின்றது. ஆனால் அதற்குள் மூன்றாம் கியர் கிளட்ச் பாதி போயிருந்தது. ஒன்றரை வருடம் ஓடி, பிறகு பிரிக்கத்தான் வேண்டியிருந்தது. பட்டறைக்காரர் சொன்ன வேலை கடைசியில் வந்தது. ஆனால் அவர் சொன்ன நாளிலேயே பிரித்து, கேபிளைத் தவறாகவே மாட்டியிருந்தால், புதுக் கிளட்சும் அதே வேகத்தில் எரிந்திருக்கும்.

இன்னும் பழைய பெட்டிகளில், டர்போ 350, டர்போ 400, ஃபோர்டு சி6 போன்றவற்றில், கேபிளுக்குப் பதிலாக வேக்குவம் மாடுலேட்டர் என்ற சிறு டப்பா இருக்கும். அதன் உள்சவ்வு கிழிந்தால் இன்ஜின் பெட்டி ஆயிலையே உறிஞ்சிக் குடிக்கும். சைலன்சரில் வெண்புகை, டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவு, கீழே ஒரு சொட்டு ஒழுக்குகூட இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வேக்குவம் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே ஈரமாகச் சிவப்பு ஆயில் இருந்தால் கோளாறு அதுதான். சின்ன டப்பா ஒன்றை மாற்றினால் முடிந்தது.

நெடுஞ்சாலை வேகத்தில், லேசாக மிதித்திருக்கும்போது வண்டி கற்சாலையில் போவதுபோல அதிர்கிறது என்றால், அது இன்ஜினையும் பெட்டியையும் நேராகப் பூட்டும், கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்சாகவும் இருக்கலாம், இன்ஜின் மிஸ்ஃபயராகவும் இருக்கலாம். ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக் பெடலை, லைட் எரியும் அளவுக்கு மட்டும், தொடுங்கள். லாக்கப் விடுபடும். அதிர்வு உடனே நின்றால் கன்வர்ட்டர் பக்கம் பாருங்கள். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், வயர் பக்கம் போங்கள். காசு செலவில்லாத சோதனை. இதைச் செய்யாமல் பிளக் கோளாறுக்குப் பெட்டியை இறக்கியவர்கள் உண்டு. கியர் போட்டதும் “டொக்” என்று வரும் சத்தமும் அப்படித்தான். பல நேரம் அது புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயின்ட்.

எந்தக் கியர்கள் சேர்ந்து போயின?

பெட்டிக்குள் ஒவ்வொரு கியருக்கும் தனிக் கிளட்ச் கிடையாது. நாலைந்து கிளட்சும் ஒரு பட்டையும் வெவ்வேறு கூட்டணியில் சேர்ந்து எல்லாக் கியர்களையும் தருகின்றன. அதனால் “எந்த கியர் வழுக்குது” என்பதைவிட “எவை சேர்ந்து வழுக்குகின்றன, எவை நன்றாக இருக்கின்றன” என்ற கேள்விக்கு மதிப்பு அதிகம்.

செவர்லே, ஜிஎம்சி பிக்கப்புகளில் 1993 முதல் வந்த 4எல்60இ பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒன்றும் மூன்றும் ஓடுகின்றன. இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றும் ஒரே நாளில் காணாமல் போய்விட்டன. கேட்டவுடனே சொல்லிவிடலாம், உள்ளே சன் ஷெல் உடைந்துவிட்டது. அந்த மூன்று கியர்களுக்கும் விசை போகும் பொது வழி அந்த ஒரு தகடுதான். ஆயில் மாற்றினாலும், மின்சாரத்தால் ஆயில் பாதையைத் திறந்து மூடும் சொலினாய்டை மாற்றினாலும் உடைந்த தகடு ஒட்டாது. மாறாக ஒன்று, இரண்டு, ரிவர்ஸ் எல்லாம் நன்றாக இருக்கின்றன, மூன்றுக்குப் போகும்போது மட்டும் நியூட்ரலில் விட்டதுபோல ரேஸ் ஆகிறது என்றால் மூன்று, நான்கு கியர்களுக்கான 3-4 கிளட்ச் எரிந்திருக்கிறது. இந்தப் பெட்டியின் பிறவிப் பலவீனம் அதுதான்.

இதே பெட்டியில் இன்னொரு வசதியும் உண்டு. மெயின் கனெக்டரைக் கழற்றி மின்சாரமே இல்லாமல் செய்தால், டிரைவில் அது மூன்றாம் கியரில்தான் நிற்கும். ரிவர்ஸ் ஆயில் அழுத்தத்தாலேயே வேலை செய்யும். கனெக்டர் இல்லாமல் மூன்றாம் கியர் உறுதியாகப் பிடித்தால், கோளாறு மின்சாரப் பக்கம் இருக்க நிறைய வாய்ப்பு. அப்போதும் வழுக்கினால், கணினியில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மூடி வைத்துவிடலாம்.

ஸ்கேனர் என்றதும் ஒரு விஷயம். அமெரிக்கச் சந்தைக்கான பிக்கப்புகளில் 1996 முதல் ஸ்கேனர் மாட்டப் பொதுவான ஓபிடி-2 சாக்கெட் உண்டு. அதற்கு முந்தைய மின்னணுப் பெட்டிகளில் சாக்கெட்டில் இரண்டு முனைகளை இணைத்து, டாஷ்போர்டு விளக்கு மினுக்கும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பி0700 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் “பெட்டியில் ஏதோ பதிவாகியிருக்கிறது, உள்ளே போய்ப் பார்” என்று மட்டுமே அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு யாராவது மதிப்பீடு எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பி0750, பி0755 போன்றவை ஷிஃப்ட் சொலினாய்டுகளைக் காட்டும். 4எல்60இ-யில் அந்தச் சொலினாய்டுகளின் மின்தடை பொதுவாக 20 முதல் 30 ஓம் வரை இருக்கும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு மட்டும் 3 முதல் 5 ஓம். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் கனெக்டரிலேயே அளந்துவிடலாம்.

பிரஷர் கேஜ்தான் கடைசி நீதிபதி. பெட்டியின் பக்கவாட்டில் அதற்கென்றே ஒரு துளை, திருகி மூடிய நிலையில், இருக்கும். 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜ் போதும். எல்லா நிலைகளிலும் அழுத்தம் குறைவு என்றால் பம்ப், அடைத்த ஃபில்டர், ரெகுலேட்டர் வால்வு. ஒரு நிலையில் மட்டும் குறைவு என்றால் அந்தப் பாதையில் சீல் ஒழுகுகிறது. ரிவர்ஸில் அழுத்தம் டிரைவைவிட நன்றாகவே அதிகமாக இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். அழுத்தம் எல்லாம் சரி, ஆனாலும் வழுக்குகிறது என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. பிரேக்கை அழுத்திக்கொண்டு முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும் ஸ்டால் டெஸ்ட்டைப் பழைய பெட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து நொடிக்கு மேல் பிடித்தால் உயிரோடு இருக்கும் கிளட்சும் வெந்துவிடும்.

பிறகு பெட்டிக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பைக் கழற்றுங்கள். அதற்குள் இருக்கும் காந்தத்தில் மையைப்போல மெல்லிய சாம்பல் படிவு இருந்தால் அது வயதின் அடையாளம், அவ்வளவே. பளபளக்கும் இரும்புத் துணுக்கு, பித்தளை நிறத் தூள், கருப்பு உராய்வுப் பொருள் அடையாய்க் கிடந்தால் பேச்சே வேண்டாம், பெட்டி இறங்க வேண்டும். சில ஃபோர்டு பெட்டிகளில் சம்ப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் மூடி கிடக்கும். அது தொழிற்சாலையில் டிப்ஸ்டிக் துளையை அடைக்க வைத்தது. குழாயைப் பொருத்தியபோது உள்ளே விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு “எதோ உடைஞ்சிருக்கு” என்று மிரட்டுபவரிடம் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

இறக்காமல் செய்யக்கூடியவை

ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது முதல் வழி. “பழைய பெட்டிக்குப் புது ஆயில் ஊத்தினா செத்துடும்” என்ற பேச்சு எல்லா இடத்திலும் உண்டு. அதில் கால் பங்கு உண்மை. பெரும்பாலோர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயில் மாற்றுகிறார்கள். பெட்டி ஏற்கெனவே போகிற வழியில் இருக்கிறது, பழி புது ஆயில் மேல் விழுகிறது. வழுக்கல் இல்லை, ஆயில் பழுப்பு, ஷிஃப்ட் கொஞ்சம் சோம்பல் என்றால் தயங்காமல் மாற்றலாம். கருகிய வாடையோடு வழுக்கினால் புது ஆயிலை வீணாக்க வேண்டாம். எரிந்த கிளட்ச் வளராது.

சம்ப்பைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். 4எல்60இ-யில் மொத்தம் பத்து லிட்டருக்கும் சற்று மேல் பிடிக்கும், சம்ப்பில் வருவது ஐந்துக்குள்தான். மீதி கன்வர்ட்டரிலும் கூலரிலும் இருக்கும். சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை மாற்றுவது, இயந்திரத்தை வைத்து அழுத்தத்தில் கழுவுவதைவிடப் பழைய பெட்டிக்குப் பாதுகாப்பு. வகை மாறக் கூடாது. டைப் எஃப் ஆயிலில் உராய்வை மென்மையாக்கும் சேர்மானம் கிடையாது, அது டெக்ஸ்ரான் என்ற வகை ஆயிலைக் கேட்கும் பெட்டிக்குப் போனால் ஷிஃப்ட் முரடாகும். கிறைஸ்லர் வகைகளுக்கு ஏடிஎஃப்+4 என்ற ஆயில். வழுக்கலை நிறுத்தும் என்று பாட்டிலில் விற்கும் மருந்துகள் பெரும்பாலும் இறுகிப்போன ரப்பர் சீலை ஊறவைத்துப் பருக்க வைக்கின்றன. காலையில் குளிரில் மட்டும் தாமதமாகும் வண்டிக்குச் சில மாதங்கள் வாங்கித் தரலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது, வெளிப்புற மின்சார வேலை. செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் இதுதான் மொத்தப் பட்டியலிலும் முதலிடம், ஆனால் ஆதாரம் இருக்கும்போது மட்டும். த்ராட்டில் பொசிஷன் சென்சார் தேய்ந்தால் ஷிஃப்ட் நேரம் தாறுமாறாகும். ஃபோர்டு இ4ஓடி-யில், 1989 முதல், பெட்டியின் பக்கத்தில் இருக்கும் லீவர் பொசிஷன் சென்சாருக்குள் தண்ணீர் புகுந்தால் கணினிக்கு எந்த கியரில் இருக்கிறோம் என்பதே புரியாது. டாட்ஜ் 46ஆர்இ வகைகளில் கவர்னர் பிரஷர் சொலினாய்டும் அதன் சென்சாரும் அடிக்கடி போகும், சம்ப்பைக் கழற்றினால் கை எட்டும் இடத்தில் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் எர்த் வயர்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பழைய வண்டியில் துரு தின்ற எர்த் வயர் செய்யாத சேட்டை இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக சென்சார்களை மாற்றிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். நாலு சென்சார் மாற்றிய காசில் நல்ல மெக்கானிக் ஒருவர் அரை நாள் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்திருப்பார்.

மூன்றாவது, எந்தக் கிளட்சுக்கு ஆயில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் வால்வு பாடி. இதற்கு எடுத்துக்காட்டாக 4எல்60இ-யின் பி1870 குறியீட்டைச் சொல்லலாம். லாக்கப்பை நடத்தும் ஒரு வால்வு, மின்துடிப்புக்கேற்ப ஓயாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. அது நகரும் குழி அலுமினியம். வருடக்கணக்கில் குழி தேய்ந்து ஆயில் கசிகிறது, லாக்கப் வழுக்குகிறது. கணினி அதைக் கண்டதும் பெட்டியைக் காப்பாற்ற அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறது. ஓட்டுநருக்குத் தெரிவதெல்லாம் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது முதுகில் விழும் குத்து. “கியர் உடையுது” என்று பயந்து பெட்டி மாற்றுகிறார்கள். உண்மையில் குழியைச் சீர்செய்து புது வால்வு போட்டால் தீரும், பெட்டியை இறக்க வேண்டியதில்லை. செய்பவர் கை சுத்தமாக இருக்க வேண்டும். வால்வு பாடியைப் பிரிக்கும்போது உதிரும் சிறு உருண்டைகளின் எண்ணிக்கையும் இடமும் மாறினால் புதுக் கோளாறு பிறக்கும். கியர் மாற்றத்தை உறுதியாக்கும் பாகங்களான ஷிஃப்ட் கிட் போடுவதும் இந்த வகையில்தான் சேரும். நல்ல பெட்டிக்கு அது ஆயுள் கூட்டும். தேய்ந்த கிளட்சுக்கு ஷிஃப்ட் கிட் போடுவது உளுத்த கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

இங்கே மூன்று வழி: இருக்கும் பெட்டியையே பிரித்துப் புதுப்பிப்பது, தொழிற்சாலையில் புதுப்பித்த பெட்டியை மாற்றாக வாங்குவது, உடைத்த வண்டியிலிருந்து பழைய பெட்டி வாங்கிப் போடுவது. விலைப் பட்டியலில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் இறக்கி ஏற்றும் கூலி, புது ஆயில், கூலர் சுத்தம் ஆகியவை மூன்றுக்கும் ஒன்றே. அவற்றைக் கூட்டிப் பார்த்தால் பழைய பெட்டியின் “பாதி விலை” என்ற கவர்ச்சி வேகமாகக் கரையும். அது ஆறு மாதத்தில் போனால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து இறங்கும், கூலி இன்னும் கூடும்.

பழைய பெட்டியைப் பற்றி என் கருத்து கறார். உங்கள் பெட்டி எந்த வயதில் எந்தப் பலவீனத்தால் போனதோ, அதே வயதும் அதே பலவீனமும் உள்ள இன்னொன்றை வாங்குகிறீர்கள். வருடக்கணக்கில் கிடந்ததால் சீல்கள் காய்ந்திருக்கும். எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அது ஓடி வந்ததா இழுத்து வந்ததா என்று தெரிந்தால் மட்டும், சம்ப்பைக் கழற்றிப் பார்க்க விட்டால் மட்டும், வண்டியை இன்னும் ஓரிரு வருடம்தான் வைத்திருப்பீர்கள் என்றால் மட்டும் வாங்கலாம். வாங்கினால் ஏற்றுவதற்கு முன் முன் பம்ப் சீல், பின் சீல், ஃபில்டர் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பெட்டி கீழே இருக்கும்போது அது சில நிமிட வேலை. பொருத்தமும் கவனிக்க வேண்டியது. 1993–95 காலத்து 4எல்60இ-யும் அதற்குப் பிந்தையதும் பெயரில் ஒன்று, உள்ளமைப்பிலும் மின்சாரத்திலும் ஒன்றல்ல.

தொழிற்சாலையில் புதுப்பித்த பெட்டிக்கு நிறைகள் உண்மையானவை. அறியப்பட்ட பலவீனங்களுக்குத் திருந்திய பாகங்கள் போட்டிருப்பார்கள், இயந்திரத்தில் ஓட்டிச் சோதித்திருப்பார்கள், வண்டி சில நாட்களில் திரும்ப ஓடும். வண்டியை நம்பிப் பிழைப்பு நடத்துபவருக்கு அந்த நாட்கள் பணம். குறைகள் உத்தரவாதத்தின் சிறிய எழுத்தில் இருக்கின்றன. பெட்டிக்கு உத்தரவாதம் உண்டு, இறக்கி ஏற்றும் கூலிக்கு உண்டா? கூலரைக் கழுவியதற்கு ரசீது கேட்பார்களா? உங்கள் பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது உறை விரிசல் இருந்தால், அதற்காகப் பிடித்து வைத்த முன்பணம் போய்விடுமா? இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்து போடாதீர்கள்.

நல்ல கைக்காரர் ஒருவர் கிடைத்தால், இருக்கும் பெட்டியையே பிரிப்பதுதான் என் தேர்வு. காரணம், எதனால் போனது என்பது பிரிக்கும்போதுதான் கண்ணில் தெரியும். மாற்றுப் பெட்டி வாங்கினால் அந்தச் சாட்சியம் லாரியில் ஏறிப் போய்விடும். காரணம் வண்டியிலேயே இருந்தால், தளர்ந்த கேபிளோ அடைத்த கூலரோ, புதுப் பெட்டியும் அதே வழியில் போகும். கைக்காரரை எடைபோட அவரிடம் கேட்க வேண்டியது விலையை அல்ல. “கன்வர்ட்டர் மாத்துவீங்களா?” என்று கேளுங்கள். “பழசே நல்லாத்தான் இருக்கு” என்றால் எழுந்து வந்துவிடலாம். எரிந்த கிளட்சின் தூள் முழுவதும் போய்ச் சேரும் இடம் கன்வர்ட்டர், சாதாரணப் பட்டறையில் அதைப் பிரித்துக் கழுவ வழியில்லை. புஷ்கள் மாற்றுவாரா, சீல் மட்டும் மாற்றுவாரா? 4எல்60இ என்றால் வலுப்படுத்திய சன் ஷெல் போடுவாரா? கூலரை எப்படிக் கழுவுவார்? முகம் சுளிக்காமல் விவரமாகப் பதில் சொல்பவரிடம் வண்டியை விடலாம்.

கூலன்ட் கலந்த பெட்டிக்கு மட்டும் விதி தனி. ஆயிலைப் பல தடவை மாற்றி, “இப்ப நல்லா ஓடுது” என்று விடுவது வழக்கமாக இருக்கிறது. ஓடும்தான், கொஞ்ச நாள். கிளட்ச் தகட்டில் உராய்வுப் பொருளை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் இளக்கிவிடும், சில வாரங்களில் படலம் படலமாக உரியும். அது ரீபில்ட் கேஸ், ரேடியேட்டரோடு சேர்த்து.

சொந்தக் கையால் பிரிக்கலாமா? பொறுமையும் இடமும் இருந்தால் முடியும். 4எல்60இ ஆயில் இல்லாமலே 65 கிலோவுக்கு மேல், இ4ஓடி அதைவிடக் கனம். பெட்டிக்கென்று உள்ள ஜாக் இல்லாமல் முயல வேண்டாம். கிளட்ச் ஸ்பிரிங்கை அழுத்தும் கருவியும், சீலைக் கிழிக்காமல் உள்ளே இறக்கும் கூம்பும் தேவை. தனியாளாகச் செய்பவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம் கடைசியில்தான் வருகிறது: கன்வர்ட்டர் பம்ப்புக்குள் முழுதாக உட்காராமலே பெட்டியை ஏற்றுவது. கையால் சுற்றித் தள்ளும்போது அது படிப்படியாக, வழக்கமாக மூன்று தடவை, “டக்” என்று உள்ளே இறங்க வேண்டும். பெட்டி உறை இன்ஜினோடு தானாக ஒட்ட வேண்டும். இடைவெளி இருந்து, போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்த்தால் பம்ப் உடையும். ஒரு வார வேலை இன்ஜினைத் திருகிய முதல் நொடியில் போய்விடும்.

மேனுவல் பெட்டியாக மாற்றுவது கேட்க நன்றாக இருக்கும். கிளட்ச் பெடல், ஃபிளைவீல், ஹைட்ராலிக் குழாய், குறுக்குச் சட்டம், ஷாஃப்ட் நீளம், கணினி என்று ஒன்றை இழுத்தால் ஒன்று வரும். பொழுதுபோக்காகச் செய்பவருக்குச் சரி, பழுது தீர்க்கும் வழியாக அதை எண்ண வேண்டாம்.

எதுவும் செய்யாமல் ஓட்டுவதும் ஒரு வழிதான், சில கோளாறுகளுக்கு. லாக்கப் மட்டும் வழுக்கினால் ஓவர்டிரைவை, அதாவது நான்காம் கியரை, அணைத்து, பாரம் இழுக்காமல், பல மாதம் ஓட்டலாம். கிளட்ச் வழுக்கும் பெட்டியை அப்படி ஓட்டினால், சீலும் தகடும் மாற்றித் தீர வேண்டியது டிரம்மும் பம்ப்பும் மாற்றும் வேலையாக வளரும். சட்டம் முழுக்கத் துரு, இன்ஜினும் களைத்துவிட்டது என்றால் அப்படியே விற்றுவிடுங்கள், ஆனால் கோளாறைச் சொல்லி.

ஏற்றிய பிறகு

எந்த வழியில் போட்ட பெட்டியாக இருந்தாலும், ஏற்றுவதற்கு முன் கன்வர்ட்டரில் ஒன்றிரண்டு லிட்டர் ஆயில் ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்ததும் டிப்ஸ்டிக்கில் தெரியும் வரை ஊற்றி, லீவரைச் சுற்றி வந்து, சூடானபின் மறுபடி பாருங்கள். அதோடு கூலரிலிருந்து திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு வாளியில் விட்டுப் பாருங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது சுமார் இருபது நொடிக்கு ஒரு லிட்டர் அளவுக்கு வர வேண்டும். நூலாக வடிந்தால் கூலர் அடைத்திருக்கிறது, அந்த நிலையில் சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். பாரம் இழுக்கும் வண்டி என்றால் ரேடியேட்டருக்கு முன்னால் தனிக் கூலர் ஒன்று மாட்டிவிடுவது நல்லது. பெட்டியைக் கொல்வதில் வெயிலைவிட இழுவைச் சூடு பெரியது.

ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் ஓடியதும் சம்ப்பை இன்னொரு தடவை கழற்றுங்கள். புதுக் கிளட்ச் தேய்ந்து பழகும்போது கொஞ்சம் தூள் விடும், காந்தத்தில் அந்த மெல்லிய சாம்பல் படிவு தெரியும். அதை மட்டும் துடைத்துவிட்டு மூடலாம். துணுக்கு ஏதாவது விரலில் குத்தினால் துடைக்காமல் அப்படியே படம் எடுத்துக்கொண்டு, உத்தரவாதத் தாளோடு பெட்டி போட்டவரிடம் போங்கள்.